அணைக்க மறந்த சுவிட்ச்

எந்த அறைக்குள் போனாலும் என் மாமா சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பார். நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வாசலுக்குள் காலை வைத்ததும் வலது கை சுவரில் படும். அப்படியே மூலைவரை போவார். மூலையில் தோளால் லேசாக ஒரு இடி. பிறகு அடுத்த சுவர். குறுக்கே அலமாரி இருந்தால் அதற்கும் சுவருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பார். நான்கு சுவரும் முடிந்த பிறகுதான் என் அம்மாவிடம், "என்னக்கா, எப்படி இருக்கே?" என்பார். அதற்குள் அம்மா கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்திருக்கும்.

சின்ன வயதில் நானும் அவர் பின்னாலேயே சுவரைத் தடவிக்கொண்டு போவேனாம். பத்து வயதில் அது வெட்கமாகிவிட்டது. அப்பா கால் உடைந்து மருத்துவமனையில் கிடந்தபோது, மாமா மற்ற நோயாளிகளின் கட்டில்களுக்குப் பின்னாலெல்லாம் புகுந்து அந்த வார்டைச் சுற்றி வந்தார். நர்ஸ் என்னிடம், "யாரும்மா இவர், பெயின்ட் அடிக்க அளவெடுக்க வந்தவரா?" என்று கேட்டார். அப்பா அந்த வலியிலும் சிரித்தார். மாமாவுக்குச் 'சுவரொட்டி' என்று பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான்.

அது வேலையால் வந்த பழக்கம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமா ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் டெஸ்டர். பன்னிரண்டாம் வகுப்பை மூன்றாவது முயற்சியில் தேறியவர். பார்சல் பிரிக்கும் கிடங்கில் இருந்தார், தியேட்டரில் டிக்கெட் கிழித்தார், ஒரு இடத்திலும் ஆறு மாதம் தாண்டவில்லை. கடைசியில் இந்த வேலை நிலைத்தது. முதல் இரண்டு வருடம் அவருக்கு விளையாட்டுக்குள் இருக்கும் சுவர்களில் மோதுவதுதான் வேலை. வரைந்த சுவரில் எங்காவது ஓர் ஓட்டை இருந்தால் ஆடுபவர் அதன் வழியாக அந்த உலகத்தைவிட்டே வெளியே விழுந்துவிடுவாராம். அடியில்லாத நீலத்தில் விழுந்துகொண்டே இருப்பாராம். அதற்காக ஒவ்வொரு வீட்டையும், குகையையும், கோட்டையையும் ஒருவர் அங்குலம் அங்குலமாக முட்டிப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி முட்டிவிட்டு வந்தவருக்கு எங்கள் வீட்டுச் சுவர்மேல் மட்டும் எப்படி நம்பிக்கை வரும்?

அவர்கள் செய்தது பூதம் பிடிக்கும் விளையாட்டு. காட்டிலும் ஆற்றிலும் திரியும் குட்டிப் பூதங்களைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களின் பூதங்களோடு முறைவைத்து மாறி மாறி மோதவிட வேண்டும். அதில் பெரியவர் என்று ஒருவர் வருவார். ஒரு காலத்தில் எல்லாப் போட்டியையும் வென்ற சாம்பியன். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏரிக்கரையில் ஒரு படகு வீட்டில் இருக்கிறார். ஆடத் தொடங்குபவருக்கு முதல் பூதத்தைக் கையில் கொடுப்பவர் அவர்தான். எப்போது அடிக்க வேண்டும், எப்போது ஓடிவிட வேண்டும் என்று வழியெல்லாம் தோன்றிச் சொல்லித்தருவார். எல்லாரையும் ஜெயித்து முடித்து ஏரிக்கரைக்குத் திரும்பினால், "சரி, இப்போ என்னோட" என்று எழுந்து நிற்பார். அவரிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு பூதம். மலை போன்ற ஓர் ஆமை.

அந்தக் கடைசிச் சண்டைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். சண்டைக்குப் பிறகு வரும் காட்சியைச் சரிபார்ப்பதுதான் அப்போது மாமாவின் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியாது. புரோகிராம் எழுதுபவர் ஒருவர் இருந்தார். எப்போதும் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவதால் அலுவலகத்தில் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். மாமா அவரிடம் ஒரு சுவிட்ச் கேட்டு வாங்கினார். அதைப் போட்டுவிட்டால் ஆமையின் பலம் பாதியாகிவிடும்; அதன் மிச்ச உயிரைத் திரையில் காட்டும் பட்டை நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததும் அது அடிப்பதையே நிறுத்திவிடும். சும்மா நிற்கும். மூன்று அடியில் சண்டை முடிந்துவிடும்.

வெளியீட்டு நாளன்று பிரதி எடுக்கும் கணினி படுத்துவிட்டது. மாமாவின் கணினியிலிருந்தே பிரதி எடுத்து அனுப்பினார்கள். அனுப்புமுன் டெஸ்டர் ஒரு தாளில் வரிசையாக டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதில் கடைசி வரி: 'சோதனைக்காகப் போட்ட சுவிட்சுகள் அனைத்தும் அணைக்கப்பட்டன.' மாமா டிக் போட்டார். அணைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவருக்கு உறைத்தது. வியர்த்து விறுவிறுத்து அந்த விளையாட்டின் இயக்குநரான ஒரு அம்மாவிடம் சொல்ல ஓடினார். அந்த அம்மா ஆடியவர்களின் கடிதங்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். 'கடைசியில் பெரியவரால் என்னை அடித்திருக்க முடியும். அடிக்கவில்லை. நான் வளர்ந்துவிட்டேன் என்று தெரிந்து நின்றுவிட்டார்' என்று ஒரு கடிதம். 'என் அப்பா ஒரு தடவைகூட என்னை ஜெயிக்க விட்டதில்லை. அந்த ஆமை நின்றபோது நான் அழுதேன்' என்று இன்னொன்று. இயக்குநர் அது ஓவியரின் யோசனை என்று நினைத்திருந்தார். ஓவியர் அது இயக்குநரின் யோசனை என்று நினைத்திருந்தார்.

"அது என் தப்பு மேடம். சுவிட்ச்," என்றார் மாமா.

இயக்குநர் கடிதங்களை ஒன்றாக அடுக்கி வைத்தாராம். பிறகு, "இதை இந்த ரூமுக்கு வெளிய சொல்லாதீங்க. நீங்க செஞ்சதுலயே உருப்படியானது இதுதான்," என்றாராம்.

அடுத்தடுத்த பதிப்புகளிலும் ஆமை நின்றது. விருதுகள் வந்தன. பத்திரிகைகளில் 'விட்டுக்கொடுக்கும் சாம்பியன்' என்று எழுதினார்கள். மாமாவுக்கோ அது முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. "பத்து வருஷமா அந்த மனுஷன் கையைக் கட்டிக்கிட்டு அடி வாங்கறார். யாரோ அவசரத்துல கட்டிப் போட்ட கை. அவுத்து விடணும்," என்பார். ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் கேட்பார். ஒவ்வொரு தடவையும் 'அப்புறம் பாக்கலாம்' என்பார்கள்.

இதெல்லாம் எனக்கு இருபது வயது வரை தெரியாது.

பதினோரு வயதில் நான் பெரியவரை ஜெயித்தேன். மாமா கொடுத்த பழைய கருவியில், கன்ட்ரோலரின் ஒரு பொத்தானை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு ஆடினேன். என்னிடம் இருந்தது ஒரு சேற்றுப் பூதம். எல்லாரும் பிடித்த உடனே விட்டுவிடும் வகை. அதை நான் விடவில்லை. அது கடைசி மூச்சில் இருந்தபோது ஆமை அப்படியே நின்றது. என்னைப் பார்த்து அது பயந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை கத்தினேன். அதற்குப் பிறகு பரீட்சைத் தாளைத் திருப்பும்போதெல்லாம் அந்த ஆமையின் முகம் மனதில் வரும். அதற்கே பயப்படாதவள் இதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று தோன்றும்.

கல்லூரியில் கடைசி வருடம் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்படிப்பட்ட விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. 'மிகக் கடினமான ஒன்றை நீங்கள் வென்ற தருணத்தைப் பற்றி ஒரு பக்கம்' என்று கேட்டிருந்தார்கள். நான் ஆமையைப் பற்றி எழுதினேன். மாமா வந்தபோது படிக்கக் கொடுத்தேன்.

அம்மா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். மாமா படித்து முடித்தார். எழுந்து சுவரோரமாக ஒரு சுற்று வந்தார். மறுபடியும் ஒரு சுற்று.

"இதை அனுப்பிட்டியா டிகிரி?" கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"இல்ல மாமா. எழுத்துப் பிழை பாக்கத்தான் உங்ககிட்ட கொடுத்தேன்."

"நல்ல ஆளைப் பிடிச்சே."

"சரி, நல்லாருக்கான்னாவது சொல்லுங்க."

"நல்லாருக்கு. ஆனா இப்படி நடக்கல."

"நான்தானே ஆடினேன்?"

"நீதான் ஆடினே. ஆனா ஜெயிக்கல. நான் சுவிட்சை அணைக்க மறந்துட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அம்மா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பதினோரு வயசுல புள்ள ஜெயிச்சதை இருபது வயசுல வந்து பிடுங்கறியேடா! இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷத்துல வேற நாளே கிடைக்கலையா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வர்றேன்க்கா. வந்ததும் நீ டீயைக் கொடுத்துடறே."

"ஆமா, என் டீதான் உன் வாயை அடைச்சது!"

நான் கேட்டது வேறு. "அப்போ அந்த ஆமை என்னைப் பாத்துப் பயப்படலையா மாமா?"

"அதுக்கு நாங்க பயம் எழுதலையேம்மா," என்றார், மிகவும் மெதுவாக.

நான் அந்தத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "அப்போ நீங்க என்கூட ஒரு தடவை ஒழுங்கா ஆடணும். நீங்கதான் பெரியவர். புரோகிராம் வேண்டாம், ஆமையை நீங்களே கையால ஆட்டுங்க. நடுவுல நிக்கக் கூடாது."

"ஆடறேன்."

"எப்போ?"

"முதல்ல அந்தச் சுவிட்சை எடுத்துடறேன். அது உள்ள இருக்கறவரைக்கும் எனக்குக் கை வராது."

அந்த வருடம் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வரவிருந்தது. மாமா இந்தத் தடவை 'அப்புறம்' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. இயக்குநரின் அறையில் மூன்று நாள் சுவரோரமாகவே நின்றாராம். கடைசியில் அந்த அம்மா, "சரி, பன்னெண்டு பேரை ஆடவிட்டுப் பாப்போம்," என்றார். வெளியாட்களும் வேண்டும் என்றதால் நானும் போனேன்.

அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருந்தது. கீழே பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக மேலே வந்துகொண்டே இருந்தது. திரையில் வெளிச்சம் விழாமல் இருக்க ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு அறையைச் சுற்றி ஓடியது. அது யாருடைய கை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடி சுவிட்சை எடுத்துவிட்ட பிரதியைப் போட்டார். பன்னிரண்டு பேர் ஆடினோம். பன்னிரண்டு பேரும் தோற்றோம். ஒருவர்கூட ஆமையைப் பாதிவரை கொண்டுபோகவில்லை. பத்து வருடமாக ஒருவரும் அதன் முழு பலத்தைப் பார்த்ததில்லை அல்லவா. ஒவ்வொரு பதிப்பிலும், எப்படியும் நிற்கத்தானே போகிறது என்று ஓவியரும் மற்றவர்களும் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தை ஏற்றியிருக்கிறார்கள். என் சேற்றுப் பூதம் பதினோரு நிமிடத்தில் விழுந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் கன்ட்ரோலரை மடியில் எறிந்துவிட்டு, "இது கிழவனா, புல்டோசரா?" என்றார்.

அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் அக்கா மட்டும், "இன்னொரு தடவை போடுங்க தம்பி," என்றார். மறுபடியும் தோற்றார். பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே, "இப்போ பிடிபடுது. இன்னொரு தடவை," என்றார். மூன்றாவது தடவையும் தோற்றுவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவரைப் போல எழுந்து போனார். மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு முறைதான் சிரிப்பு வந்தது, அப்போதுதான்.

இயக்குநர் மற்றதைப் பார்த்திருந்தார். "ஒருத்தங்க மறுபடி கேட்டாங்க. பதினோரு பேர் செருப்பைத் தேடறாங்க."

"பலத்தைக் குறைச்சிடலாம் மேடம். ஜெயிக்கற மாதிரி, ஆனா நிஜமா ஜெயிக்கற மாதிரி. எனக்கு டைம் கொடுங்க."

"மூணு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

அந்த மூன்று வாரமும் மாமா தூங்கினாரா என்று தெரியாது. எனக்கு வேலைக்கான பதில் வராமல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தினமும் அங்கே போய் உட்கார்ந்தேன். அவர் உட்காரவே இல்லை. நின்றபடி ஆடுவார். ஆமையின் பலத்தில் ஓர் எண்ணைக் குறைப்பார், ஆடுவார், தோற்பார். குறைப்பார், ஆடுவார், ஜெயிப்பார். ஜெயித்ததும் முகம் சுருங்கிவிடும். எண்ணை மறுபடியும் ஏற்றுவார். வலது கையால் ஜெயித்தால் இடது கையால் ஆடிப் பார்ப்பார். நோட்டில் எழுதுவார், அடிப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோவார். நான் மூடிவைப்பேன்.

"என்ன மாமா, இப்போ சரியாத்தானே இருக்கு? கஷ்டப்பட்டா ஜெயிக்கலாம்."

"யார் ஜெயிக்கறா? முப்பத்தேழை முப்பத்தஞ்சா குறைச்சது நான். குறைச்சதால நீ ஜெயிச்சே. அப்போ மறுபடியும் நான்தானே உன்னை ஜெயிக்க வச்சேன்?"

"அப்படிப் பாத்தா எந்த எண்ணைப் போட்டாலும் அப்படித்தான்."

"அதான்," என்றார். என்னவோ நான் பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லிவிட்டதைப் போலப் பார்த்தார். "அதான் எனக்குப் புரிய மாட்டேங்குது."

எனக்கும் புரியவில்லை. என் கல்லூரி இடமே முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களுக்கென்று சில மதிப்பெண்கள் குறைத்துக் கொடுத்த இடம். அதைப் பற்றி யாராவது குத்திப் பேசினால் பதிலுக்குப் பொரிந்து தள்ளுவேன்; நியாயம் என் பக்கம்தான் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் மாமா எண்களை அடித்து அடித்து எழுதியதைப் பார்த்தபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய் டீ வாங்கிவந்தேன்.

அத்தையை நினைத்துக்கொண்டேன். மாமாவுக்குக் கல்யாணமாகி மூன்றே வருடத்தில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காரணம் சொன்னார். "அடிக்கறாரா? இல்ல. குடிக்கறாரா? இல்ல. சண்டைன்னு வந்தா பாதி வரைக்கும் நல்லாப் பேசறார் அண்ணி. என் கண்ணுல தண்ணியைப் பாத்ததும் 'சரி, நீ சொல்றதுதான் சரி'ன்னு நின்னுடறார். மூணு வருஷத்துல நான் ஒரு சண்டைகூட முடிச்சதில்ல. பைத்தியம் பிடிக்குது." அம்மா அப்போது சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் மறுபடியும் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். ஐந்து பேர் ஜெயித்தார்கள். ஏழு பேர் தோற்றார்கள், அவர்களில் நான்கு பேர் மறுபடியும் கேட்டார்கள். சம்பளப் பட்டியல் அக்கா ஜெயித்துவிட்டு மேசையை ஓங்கி ஒரு குத்து விட்டதில் கீழே பல் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து விசாரித்தார். இயக்குநர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க சொன்னதுதான் சரி. சுவிட்ச் வேண்டாம். இதையே அனுப்பிடலாம்."

பத்து வருடமாகக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிரதி போக வேண்டும். இயக்குநர் மாமாவுக்காகவே தாளில் ஒரு புதிய வரியைச் சேர்த்திருந்தார்: 'கடைசிச் சண்டை நியாயமானது.' பக்கத்தில் டிக் போடக் கட்டம்.

மாமா பேனாவைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். எழுந்து அறையை ஒரு சுற்று வந்தார்.

"என்ன?" என்றார் இயக்குநர்.

"அஞ்சு பேர்னு யார் முடிவு பண்ணினது மேடம்? நாலு பேர் ஜெயிச்சா அநியாயமா? ஆறுன்னா விட்டுக்கொடுக்கறதா?"

"உங்க எண்ணுதான். நீங்க போட்டதுதான்."

"அதான் பயமா இருக்கு. இன்னும் ஒரு வாரம்..."

"இல்ல."

"ரெண்டு நாள்."

"யோவ், பத்து வருஷமா உசுரை வாங்கினது நீங்க! அவுத்து விடுங்க அவுத்து விடுங்கன்னு. அவுத்தாச்சு. ஒரு டிக்தான் பாக்கி. போடுங்க!"

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள் 'போடுங்க மாமா, போடுங்க மாமா' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குப் பொய்யா டிக் போட்டுட்டேன்," என்றார் மாமா. "அது பொய்யின்னாவது எனக்குத் தெரியும். இது உண்மையான்னு எனக்குத் தெரியல மேடம். தெரியாம எப்படிப் போடறது?"

நான்கே முக்காலுக்கு இயக்குநர் தாளை உருவிக்கொண்டார். டெஸ்டரின் கையெழுத்து இல்லாமல் புதிய சண்டை போக முடியாது. முன்பு பெயருக்கு இருந்த அந்த விதியை, மாமாவின் முதல் தவறுக்குப் பிறகு அவர்களே இறுக்கியிருந்தார்கள். ஐந்து மணிக்குப் பழைய சண்டையோடு பிரதி போனது. ஆமை நின்றுவிடும் அதே சண்டை. அதற்கு மாமா முன்பே கையெழுத்திட்டிருந்த பழைய தாளில் சுவிட்சுகளைப் பற்றிய வரியையே எடுத்துவிட்டிருந்தார்கள் என்று கண்ணாடி படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்.

மாமா அடுத்த வாரம் வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அம்மா போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். "நீயே கேட்டு, நீயே வாங்கி, நீயே வேண்டாங்கறியேடா. உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" மறுமுனையிலிருந்து, "நீ சொல்றதுதான் சரிக்கா," என்று வந்தது. அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவர் வேறு ஊரில் லிஃப்ட் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறார். மூடும் கதவுக்கு நடுவில் ஒரு மரக்கையை நீட்ட வேண்டும். கதவு திறந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கதவுக்கு மூவாயிரம் தடவை. "இதுல சந்தேகமே கிடையாது டிகிரி. கை நசுங்கிச்சா இல்லையா, அவ்வளவுதான்," என்றார். குரலில் நிம்மதி இருந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அதற்குள், சுவர் சரியில்லை என்று இரண்டு வீடு மாற்றிவிட்டார்.

எனக்கு அந்த வேலை கிடைத்தது. அந்தப் பக்கத்தை நான் மாற்றவில்லை. ஆமையை ஜெயித்ததாக எழுதியதை அப்படியே அனுப்பினேன். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் அதைப் பற்றிக் கேட்டார்கள், சிரித்தார்கள், பாராட்டினார்கள். நானும் சிரித்தேன். மாமாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை அவரோடு நிஜமாக ஆடி ஜெயித்துவிட்டால் அந்தப் பக்கம் உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பின்தேதியிட்ட உண்மை. அப்படி ஒன்று உண்டா என்று தெரியாது.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அறையைப் பார்க்க வந்தார். நான்கு சுவரையும் முடித்துவிட்டு, "ஓட்டை இல்ல, குடியிருக்கலாம்," என்றார். நான் இரண்டு கன்ட்ரோலரை எடுத்து வைத்தேன்.

"சுவிட்ச் இன்னும் இருக்கே," என்றார்.

"இருக்கட்டும். கையால ஆடும்போது அது வேலை செய்யாதுன்னு கண்ணாடியைக் கேட்டுட்டேன். சாக்குச் சொல்லாதீங்க."

உட்கார்ந்தார். என் சேற்றுப் பூதம், அவருடைய ஆமை. மாமா இப்படி ஆடி நான் பார்த்ததில்லை. ஒரு இரக்கமும் இல்லை. நான் ஒளிந்தால் தேடி அடித்தார், நான் காத்திருந்தால் காத்திருக்க விடவில்லை. "ஏய், ஏய், இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?" என்று இடையிடையே கத்தினார். அரை மணி நேரம் எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. என் பூதத்துக்கு இன்னும் ஒரு அடிதான் தாங்கும். ஆமைக்கு மிச்சம் நான்கில் ஒரு பங்கு. அவர் முறை.

அவருடைய கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. போன் அடித்தது. தொழிற்சாலையிலிருந்து, ஏதோ ஒரு கதவு மூடிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறதாம். உண்மையான அழைப்புதான். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"போகணும்," என்றார். எழுந்து செருப்பை மாட்டினார்.

"ஒரு பொத்தான் மாமா. அழுத்திட்டுப் போங்க."

"அவசரத்துல அழுத்தக் கூடாது. அவசரத்துல செஞ்சதுதானே எல்லாம்." வாசலில் திரும்பிப் பார்த்தார். "அப்படியே நிறுத்தி வை. என் முறைங்கறதை மறந்துடாதே. வந்து அடிக்கறேன்."

நிறுத்தி வைத்திருக்கிறேன். மின்சாரம் போனாலும் அணையாமல் இருக்கப் பேட்டரி வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். வாரம் ஒரு முறை போன் செய்கிறார். வேலையைப் பற்றி, அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசுகிறார். கடைசியில் நான் கேட்பேன். வரேன் வரேன் என்பார். அடித்தால் நான் தோற்பேன், அடிக்காவிட்டால் எதுவுமே நடந்ததாக ஆகாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் சரி, எனக்கு அவர் ஒரு அடி பாக்கி.